மலைச் சிகரத்தில் மாசின் கணக்கு

காற்றில் மிதக்கும் தூசியை அளக்க வேண்டுமென்றால் தூசி மிகுந்த இடத்துக்குப் போவதுதான் முறை என்று எவருக்கும் முதலில் தோன்றும். நகரத்துச் சாலைச் சந்திப்புகளிலும், செங்கற்சூளைகளின் ஓரத்திலும், அனல் மின் நிலையங்களைச் சுற்றியும் கருவிகளை நிறுத்தினால் வேண்டிய அளவு தூசி அகப்படும். அவ்வாறு நிறுத்தியும் வைத்திருக்கிறார்கள். ஆயினும், கடந்த இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வாயுமண்டலத்தின் மாசைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்த விஞ்ஞானிகளுள் பலர், ஊரும் உலையும் இல்லாத, மரமும் புல்லும்கூட அரிதாகிவிட்ட பர்வத சிகரங்களைத் தேடிப் போயிருக்கிறார்கள் என்பது கருதத்தக்கது. நகரத்தில் எடுத்த அளவு அந்த நகரத்தைப் பற்றியே பேசும். பல சமயங்களில் அந்தத் தெருவைப் பற்றி மட்டுமே பேசும். ஒரு கண்டத்தின் காற்று எந்த நிலையில் இருக்கிறது, ஒரு சமுத்திரத்தைக் கடந்து வந்த காற்று தன்னோடு எதைச் சுமந்து வந்திருக்கிறது, முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட இன்று பூமியின் ஆகாயம் மங்கியிருக்கிறதா, தெளிந்திருக்கிறதா என்னும் பெரிய கேள்விகளுக்கு விடை வேண்டுமானால், அண்டை வீட்டுப் புகை எட்டாத ஓர் இடம் வேண்டும். சரக்கை நிறுக்கும் முன் வெறுந்தட்டில் தராசு முள் நடுவே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் வியாபாரியைப் போல, மாசை அளப்பவரும் மாசற்ற காற்று எப்படி இருக்கும் என்பதை முதலில் நிச்சயப்படுத்திக்கொண்டாக வேண்டும்.

அந்த நிச்சயம் எளிதில் கிடைப்பதன்று. உயரத்துக்குப் போய்விட்டால் தூய காற்று தானே வந்து சேரும் என்ற நம்பிக்கையோடு மலை ஏறிய ஒவ்வொரு தலைமுறையும், சிகரத்துக்கும் பள்ளத்தாக்கின் புகை ஏறி வருகிறது என்பதைத் தன் அனுபவத்தில் கண்டிருக்கிறது. ஆகவே மலை நிலையத்தில் கிடைக்கும் எண், அதனை ஏந்தி வந்த காற்று எந்த வழியாக வந்தது என்ற விசாரணையோடு சேர்ந்தால்தான் அறிவாகிறது. அந்த விசாரணையும், ஒரே இடத்தில், ஒரே முறையில், பல்லாண்டுகள் இடையறாது நடந்தால்தான் பயன் தருகிறது. இந்தத் துறையின் வரலாற்றைப் பார்க்கும்போது என் மனத்தில் அழுத்தமாகப் பதிகிற செய்தி இதுவே.

ஆரம்பத்தைத் தேடினால், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெனீவாவில் வாழ்ந்த ஓராஸ் பெனெடிக்ட் தெ சோசூர் என்னும் பேரறிஞரிடம் போய் நிற்போம். 1787-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆல்ப்ஸ் மலைத் தொடரின் மிக உயர்ந்த சிகரமாகிய மோன் பிளாங்கின்மீது அவர் ஏறியபோது, பாரமானி, வெப்பமானி முதலிய சாதனங்களோடு, நீலச்சாயம் தோய்த்த காகிதத் துண்டுகளையும் எடுத்துச் சென்றார். பிரஷ்ய நீலம் எனப்படும் சாயத்தைப் படிப்படியாகச் செறிவேற்றி, வெண்மையில் தொடங்கி நீலத்தின் பல தரங்களைக் கடந்து கருமையில் முடியுமாறு வரிசைப்படுத்திய அந்தத் துண்டுகளுக்கு எண்கள் இட்டிருந்தார். அவற்றை ஆகாயத்துக்கு எதிரே பிடித்து, எது வானத்தின் நிறத்தோடு ஒத்துப் போகிறதோ அதன் எண்ணைக் குறித்துக்கொள்வது அவர் முறை. சிகரத்தில் அவர் கண்ட எண் 39. பின்னர் அதே வகைக் கருவியைக் கொண்டு சென்ற ஹம்போல்ட், 1802-இல் தென் அமெரிக்காவின் சிம்பராசோ மலையில் 46 என்ற அளவைப் பதிவு செய்தார். இன்று பார்க்கையில் இது எளிய காரியமாகத் தோன்றலாம். ஆனால், வானத்தின் நீலம் காற்றில் கலந்து மிதப்பவற்றின் அளவைப் பொறுத்து வெளிறும் என்றும், ஆகையால் நிறத்தை எண்ணாக மாற்றிவிட்டால் காற்றின் தெளிவையும் எண்ணாக மாற்றிவிடலாம் என்றும் சோசூர் உணர்ந்திருந்தாரே, அந்த உணர்வில்தான் இந்தத் துறை முழுவதும் வித்தாக அடங்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற மங்கலை நம்பத்தக்க அளவாக ஆக்குவது எப்படி என்பதே அன்று முதல் இன்றுவரை உள்ள பிரச்சினை.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் எய்ட்கன். நீராவி மேகத்துளியாகத் திரள வேண்டுமானால் பற்றிக்கொள்ள ஒரு தூளி வேண்டும் என்பதை 1880-களின் தொடக்கத்தில் அவர் தெளிவாக நிறுவிக் காட்டினார். இந்த உண்மையையே கருவியாக மாற்றிக்கொண்டது அவருடைய மேதை. சிறிதளவு காற்றை ஒரு பாத்திரத்தில் அடைத்து, அதனை ஈரத்தால் நிறைத்து, திடீரென்று விரிவடையச் செய்தால் காற்று குளிர்ந்து, ஒவ்வொரு தூளியின்மேலும் ஒரு நீர்த்துளி பிறக்கும். நுண்ணோக்கிக்கும் அகப்படாத தூளி, இப்போது மழைத்துளியாகப் பருத்து, கீழே கட்டம் கட்டமாகக் கோடிழைத்த தகட்டில் வந்து விழும். உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே அவற்றை எண்ணிவிடலாம். இந்தக் கருவியை எய்ட்கன் சுவிட்சர்லாந்தின் ரிகி மலைக்கு எடுத்துப் போய், மக்கள் செறிந்த சமவெளிப் பக்கமிருந்து காற்று வீசும்போது எண்ணிக்கை பெருகுவதையும், ஆல்ப்ஸ் பனிமலைகளின் பக்கமிருந்து வீசும்போது குறைவதையும், எண்ணிக்கை குறைந்த நாள்களில் தொலைவிலுள்ள மலைகள் துலக்கமாகத் தெரிவதையும் ஒப்பிட்டு எழுதினார். தூளியின் எண்ணும், காட்சியின் தெளிவும், காற்று வந்த திசையும் ஒரே ஏட்டில் ஒன்றாகப் பதிவானது அப்போதுதான்.

அதே காலத்தில், பிரிட்டனின் மிக உயர்ந்த மலையான பென் நெவிஸின் உச்சியில் 1883 முதல் ஒரு வானிலை நிலையம் நடந்து வந்தது. மழையும் மூடுபனியும் உறைபனியும் ஓயாது தாக்கும் அந்த இடத்தில் உறைந்து வாழ்ந்துகொண்டு இரவும் பகலும் மணிக்கு மணி அளவெடுத்தவர்களின் சிரத்தையை எண்ணினால் தலை தாழ்கிறது. 1894-ஆம் ஆண்டு செப்டம்பரில் சில வாரங்கள் அங்கே தங்கிப் பணியாற்றிய சி. டி. ஆர். வில்சன் என்னும் இளைஞர், மேகத்தின்மீது சூரிய ஒளி தோற்றுவித்த வர்ண வளையங்களைக் கண்டு வியந்து, அவற்றை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிப் பார்க்க முனைந்து, அம்முயற்சியின் வழியே மேக அறையைப் படைத்து, 1927-இல் நோபல் பரிசும் பெற்றார். அணுவின் உட்கூறுகள் விட்டுச் சென்ற தடங்களை மனிதன் தன் கண்ணால் பார்த்தது, தூளியும் மேகமும் பற்றிய ஒரு மலை உச்சி ஆராய்ச்சியின் வழித்தோன்றல் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. அத்தகைய நிலையம் 1904-இல், போதிய பணம் இல்லாமையால் மூடப்பட்டது.

இவ்விடத்தில் மூட்டம் என்பது எவ்வாறு உண்டாகிறது என்பதைச் சிறிது விளக்க வேண்டும். முற்றிலும் தூய காற்றும் ஒளியைச் சிதறடிக்கிறது. வானம் நீலமாக இருப்பதற்கு அதுவே காரணம் என்பதை ராலே பிரபு விளக்கினார். ஆகையால் தூளி ஒன்றுகூட இல்லாத காற்றிலும் பார்வைக்கு எல்லை உண்டு. கடல்மட்டத்தில் அந்த எல்லை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். காட்சி எல்லைக்கும் காற்றின் ஒளிமறைப்புக்கும் உள்ள தொடர்பைக் கோஷ்மீடர் என்ற ஜெர்மானியர் 1924-இல் ஒரு சூத்திரமாகத் தந்தார். அந்தச் சூத்திரத்தை வைத்துக் கணக்கிட்டால் ஓர் உண்மை புலனாகும்: தூய காற்றில், ஒரு கன மீட்டருக்கு நாலைந்து மைக்ரோகிராம் நுண்தூளி சேர்ந்தாலே காட்சி எல்லை ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிவிடும். குளிர்காலத்து டெல்லியில் இதே நாலைந்து மைக்ரோகிராமை மேலும் சேர்த்தால் எவரும் உணரமாட்டார்கள். மலைப் பிரதேசத்துக் காட்சிகள் எளிதில் கெடுவதும், மலைமேல் அளப்பவர்களுக்கு மிக நுட்பமான கருவிகள் தேவைப்படுவதும் இதனால்தான். தூளிகளிலும் வேறுபாடு உண்டு. மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு முதல் ஒரு மைக்ரான் வரையுள்ள புகைத்தூளிகளும் கந்தகத் துளிகளும் நீல ஒளியைச் சிவப்பைக் காட்டிலும் மிகுதியாகச் சிதறடிக்கின்றன. பாலைவனத்து மண்தூள் பருத்ததாகையால் எல்லா நிறங்களையும் ஏறக்குறையச் சமமாகவே சிதறடிக்கிறது. இந்த வேறுபாட்டை ஓர் எண்ணாக அமைத்துக் கொடுத்தவர் சுவீடன் நாட்டு ஓங்ஸ்ட்ரோம். 1929-இல் அவர் வகுத்த அந்த அடுக்கெண்ணைக் கொண்டு, கருவியின் முன் நிற்கும் மூட்டம் ஊர்ப்புகையா, பாலைவனத் தூளா என்று இன்றும் பிரித்தறிகிறார்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் உப்பும் கந்தகமும் கொண்ட தூளிகள் நீரை உறிஞ்சிப் பருத்து மூட்டத்தைப் பன்மடங்காக்கும். எனவே அளக்கும் முன் காற்றைச் சற்றே சூடாக்கி உலர்த்தி எடுப்பது நிலையங்களில் வழக்கமாயிற்று.

இத்தனை விஷயங்களும் ஒருங்கே கூடி வந்த ஸ்தானம் ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலை. பசிபிக் சமுத்திரத்தின் நடுவே, எந்தக் கண்டத்துக்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில், 4,169 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் அந்த மலையின் வடபுறச் சரிவில், 3,397 மீட்டர் உயரத்தில், கறுத்து உறைந்த எரிமலைப் பாறைகளுக்கு நடுவே 1956-இல் அமெரிக்க வானிலைத் துறை ஒரு நிலையத்தை அமைத்தது. ஹாரி வெக்ஸ்லர் என்ற வானிலை அறிஞரின் ஊக்கம் அதன் பின்னால் இருந்தது. 1958-இல் சார்லஸ் டேவிட் கீலிங் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியதும் அங்கேதான். அந்த அளவீட்டின் புகழில் மறைந்து போனதாயினும், தூளி ஆராய்ச்சியில் அந்த நிலையத்தின் பங்கு சிறிதும் குறைந்ததன்று என்பது என் அபிப்பிராயம்.

அதே 1958 முதல், சூரியனை நேரே நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கும் ஒரு கதிர்வீச்சுமானி அங்கே சூரிய கிரணங்களின் வலிமையைப் பதிவு செய்து வருகிறது. சூரியன் தலைக்கு நேரே இருக்கும்போது கிரணம் கடந்து வரும் காற்றின் கனத்தை ஒன்று என்று கொண்டால், சூரியன் சாய்ந்து 60 பாகையில் நிற்கும்போது அது இரண்டாகிறது. அடிவானத்தை நெருங்க நெருங்க மூன்று, நான்கு, ஐந்து என்று ஏறுகிறது. மௌனா லோவாவில் எல்லிஸ், பூஷல் என்னும் விஞ்ஞானிகள் கையாண்ட முறை, காலையில் சூரியன் ஏறி வரும்போது ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு என்னும் கனங்களில் கிடைத்த ஒளியை அடுத்தடுத்த ஜோடிகளாக வகுத்து, அந்த ஈவுகளின் சராசரியை எடுப்பது. இதன் நயம் என்னவென்றால், ஈவு எடுக்கும்போது கருவியின் சொந்த மாறிலி வெட்டுப்பட்டுப் போகிறது. கருவி பழசானாலும், கண்ணாடியில் சிறிது மங்கல் ஏறினாலும், ஒரு கருவியை மாற்றி இன்னொன்று வைத்தாலும் கணக்கு கெடுவதில்லை. பல பத்தாண்டுகள் நீடிக்க வேண்டிய ஒரு பதிவுக்கு இதைவிடத் தகுந்த உபாயத்தை நினைத்துப் பார்க்க இயலவில்லை. மாசற்ற நாள்களில் அந்த ஈவு 0.93-ஐ ஒட்டி நிற்கிறது. அதாவது காற்றின் ஒவ்வோர் அடுக்கும் கிரணத்தில் ஏழு சதவீதத்தை மட்டும் நிறுத்திக்கொள்கிறது.

இந்த முறைக்குக் காலை நேரத்து ஒளியையே எடுத்துக்கொள்கிறார்கள் என்பது கவனிக்க வேண்டிய நுணுக்கம். இரவில் மலைச்சரிவு குளிர்ந்து, அதனைத் தொட்ட காற்று கனத்து, மேலிருந்து கீழ்நோக்கி மெதுவாக வழிகிறது. அப்போது நிலையத்தைக் கடப்பது உயர் வாயுமண்டலத்திலிருந்து இறங்கும் தூய காற்று. பொழுது ஏறி, கறும்பாறை வெயிலில் காய்ந்ததும் காற்றோட்டம் திரும்பிவிடுகிறது; ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் வணிகக் காற்றின்மேல் மூடிபோல நிற்கும் வெப்பத் தலைகீழ் அடுக்கையும் மீறி, கீழேயுள்ள கடற்கரையின் ஈரமும் உப்பும் ஊர்ப்புகையும் சரிவின் வழியே ஏறி வருகின்றன. ஆகவே ஒரே மலை, ஒரே நாள், ஒரே கருவி. முற்பகலில் அது பசிபிக்கின் ஆகாயத்தை அளக்கிறது, பிற்பகலில் ஹவாய்த் தீவை அளக்கிறது. இந்த இரண்டையும் கூட்டிச் சராசரி எடுப்பவர் எதையும் அளக்கவில்லை. இரவு நேரத்திலும் நிம்மதி இல்லை: எரிமலையின் சிகரத்துப் பிளவுகளிலிருந்து கசியும் வாயுக்கள் சில இரவுகளில் அதே இறங்குகாற்றோடு வந்து தூளி எண்ணிக்கையைத் திடீரென்று உயர்த்திவிடும். காற்றின் திசை, வேகம், ஈரம் ஆகியவற்றைப் பார்த்து அந்த மணிகளைத் தனியே ஒதுக்கி வைக்கிறார்கள்.

அவ்வாறு சலித்தெடுத்த பதிவு என்ன சொல்கிறது? 1971-இல் எல்லிஸும் பூஷலும் வெளியிட்ட முடிவு, மனிதர் உண்டாக்கிய மாசு அந்த உயரத்தில் நீண்டகாலப் போக்காக ஒளியைக் குறைத்ததற்கு அடையாளம் இல்லை என்பது. உலகமெங்கும் ஆகாயம் மங்கிக்கொண்டு வருகிறது என்று பலர் அஞ்சிய காலத்தில் இப்படி ஒரு முடிவைச் சொல்லத் துணிவு வேண்டும். இல்லை என்று நிறுவுவதும் அறிவே. ஆனால் எரிமலைகள் அந்தப் பதிவில் ஆழமான பள்ளங்களை வெட்டியிருக்கின்றன. 1963-இல் பாலித் தீவின் ஆகுங், 1982-இல் மெக்சிகோவின் எல் சிச்சோன், 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாதுபோ ஆகிய மூன்றும் குமுறிய பின் ஒளி எவ்வளவு வீழ்ந்தது, எத்தனை ஆண்டுகளில் மீண்டது என்பதை ஒரே அளவுகோலில் ஒப்பிட இன்று முடிகிறதென்றால் அதற்கு இந்தப் பதிவே ஆதாரம். பினாதுபோ ஒன்றரைக் கோடி டன்னுக்குக் குறையாத கந்தக டையாக்சைடை 20 கிலோமீட்டருக்கு மேலே வீசியெறிந்தது. அது கந்தக அமிலத் துளிகளாகி உலகைச் சுற்றிப் படர்ந்தபோது, மௌனா லோவாவின் ஈவு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இறங்கி, மறுபடி பழைய நிலையை எட்டச் சில ஆண்டுகள் பிடித்தன. அடுத்த ஆண்டில் பூமியின் சராசரி வெப்பமும் அரைப் பாகை அளவுக்குத் தணிந்தது. அதற்கு முன்னரும் இத்தகைய அனுபவம் உண்டு. 1912-இல் அலாஸ்காவில் காட்மாய் வெடித்தபோது, சூரிய சக்தியை அளப்பதற்காகக் கலிபோர்னியாவின் வில்சன் மலையிலும் அல்ஜீரியாவிலும் இருந்த, ஆபட் என்னும் விஞ்ஞானியின் குழுவினர், தெளிந்த ஆகாயத்தில் எதிர்பாராது வந்து படிந்த மூட்டத்தைக் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள்.

எரிமலைகள் அமைதியாக இருந்த ஆண்டுகளில் வேறொரு விருந்தாளி தெரியவந்தது. 1974 முதல் நிலையத்தில் இயங்கிய நெஃபலோமீட்டர் என்னும் ஒளிச்சிதறல்மானி, ஒவ்வோர் ஆண்டும் மார்ச் முதல் மே வரை உயர்ந்து பிறகு தாழும் ஓர் ஒழுங்கைக் காட்டிற்று. வடிதாளில் பிடித்துச் சோதித்தபோது அதில் இரும்பும் அலுமினியமும் கலந்த மண்தூள் கிடைத்தது. கோபி, தக்லமகான் முதலிய மத்திய ஆசியப் பாலைவனங்களில் இளவேனில் புயல்கள் கிளப்பிய மண், பசிபிக்கைக் கடந்து வந்து ஹவாயின்மேல் போய்க்கொண்டிருந்தது. மண்ணியல் அறிஞர்கள் இதற்கு இன்னொரு சாட்சியையும் காட்டினார்கள். ஹவாயின் எரிமலைப் பாறையில் படிகக்கல் இல்லை; ஆனால் அதன் மேல்மண்ணில் படிகக்கல் துகள்கள் இருக்கின்றன. எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாகக் காற்று கொண்டு வந்து சேர்த்த கண்டத்து மண் அது.

அந்த நெஃபலோமீட்டர் எவ்வளவு நுண்மையானது என்பதை அருகிருந்து பார்த்தால்தான் இந்தப் பணியின் கடினம் விளங்கும். ஒரு குழாயின் வழியே வெளிக்காற்றை உள்ளிழுத்து, இருண்ட அறையில் அதன்மேல் ஒளி பாய்ச்சி, சிதறி வரும் ஒளியை மட்டும் அது அளக்கிறது. மௌனா லோவாவின் தூய்மையான இரவுகளில் தூளிகள் சிதறடிக்கும் ஒளி, காற்றின் மூலக்கூறுகளே சிதறடிக்கும் ஒளியில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அந்தச் சிறு மிச்சத்தைக் கண்டுபிடிக்க, தூளி முழுவதும் வடிக்கப்பட்ட காற்றை அவ்வப்போது உள்ளே விட்டுச் சுழியைச் சரிபார்ப்பார்கள். பிறகு கரியமில வாயுவை நிரப்பி, அதன் சிதறல் காற்றைவிட ஏறத்தாழ 2.6 மடங்கு என்பது முன்பே திட்டமாகத் தெரியுமாதலால், கருவி அதே விடையைத் தருகிறதா என்று பார்ப்பார்கள். கரித்தூளை அளக்கும் ஏதலோமீட்டர் இதற்கு மாறான வழியைக் கைக்கொள்கிறது. குவார்ட்ஸ் நாரில் செய்த நாடாவின்மீது ஒரு சிறு புள்ளியில் காற்றைச் செலுத்தி, அந்தப் புள்ளி கறுக்கக் கறுக்க அதன் வழியே போகும் ஒளி எவ்வளவு குறைகிறது என்று அது கணக்கிடும். புள்ளி மிகவும் கறுத்ததும் நாடா தானே நகர்ந்து புதிய இடம் காட்டும். நகரத்தில் சில மணி நேரத்தில் கறுத்துப் போகும் புள்ளி, மலைமேல் நாள்கணக்கில் வெளிறிய சாம்பல் நிறமாகவே நிற்கும். வடிதாளை நிறுத்துப் பார்க்கும் பழைய முறையும் கைவிடப்படவில்லை. ஈரத்தை ஒரே நிலையில் வைத்த அறையில் நிறுத்து, மலைக்கு எடுத்துப் போய், காற்றைச் செலுத்தி, திரும்பக் கொண்டு வந்து அதே அறையில் நிறுக்கிறார்கள். அவற்றோடு, காற்றே செலுத்தாமல் வெறுமனே போய்வந்த வடிதாளையும் நிறுத்து, அதில் ஏறிய எடையைக் கழித்துவிடுகிறார்கள். வழியில் ஏறிய தூசியைச் சிகரத்துத் தூசியென்று எண்ணிவிடாதிருக்க இவ்வளவு பிரயாசை.

சிகரம் என்ற பெயரைக் கண்டு மயங்கலாகாது என்பதற்கு மற்ற மலைகளும் சான்று. சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக்கில் 3,580 மீட்டர் உயரத்தில் உள்ள நிலையம், ஐரோப்பாவின் நடுவே இருந்துகொண்டே, குளிர்காலத்தில் பெரும்பாலும் தூய உயர்வெளிக் காற்றையும், கோடைப் பிற்பகல்களில் பள்ளத்தாக்கின் மாசையும் பெறுகிறது. காலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அது மேகத்துக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. ஆகவே அங்கே உள்ளிழுக்கும் குழாயைச் சூடாக்கி, மேகத்துளிகளையும் ஆவியாக்கி, துளிக்குள் ஒளிந்துள்ள தூளியையும் கணக்கில் சேர்க்கிறார்கள். ரயில் ஏறி வந்து இறங்கும் சுற்றுலாப் பயணிகளின் சிகரெட்டுப் புகையைக்கூடக் கருவி காட்டிக்கொடுக்கும். காற்று நிலத்தை அண்மையில் தொட்டதா என்பதை அறிய ரேடான் வாயுவை அளப்பது மிக அழகான உபாயம்: ரேடான் மண்ணிலிருந்து மட்டும் கசிகிறது, ஏறக்குறைய நான்கு நாள்களில் பாதியாகத் தேய்ந்துவிடுகிறது, ஆகையால் ரேடான் மிகுந்த காற்று சமீபத்தில் தரையிலிருந்து ஏறி வந்தது என்று அறுதியிடலாம். டெனரீஃப் தீவின் இசான்யா நிலையம் 1916 முதல் நடந்து வருவது. சகாராவின் தூளை அளப்பதற்கு அதைவிட வாய்ப்பான இடம் அரிது.

நம் மண்டலத்துக்கு அண்மையதும் நம் மனத்தை அதிகம் கலக்குவதும் இமயத்தின் கதை. எவரெஸ்டின் தென்புறத்தில், கும்பு பள்ளத்தாக்கில், 5,079 மீட்டர் உயரத்தில், சூரிய மின்சாரத்தை நம்பி நின்ற பிரமிடு நிலையத்தில் இத்தாலிய விஞ்ஞானிகள் 2006-இல் தொடர்ந்த அளவீட்டைத் தொடங்கினார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1999-இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீ. இராமநாதன் முன்னின்று நடத்திய இந்துமகா சமுத்திரப் பரிசோதனையில், தென் ஆசியாவிலிருந்து புறப்பட்ட பழுப்பு மூட்டம் குளிர்காலத்தில் சமுத்திரத்தின்மேல் மூன்று கிலோமீட்டர் உயரம் வரை பரவி நிற்பது வெளிப்பட்டிருந்தது. அந்த மூட்டம் வடக்கே இமயத்தின் மேனியில் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்ற கேள்விக்குப் பிரமிடு நிலையம் விடை சொல்லிற்று. அங்கே கரித்தூளின் சராசரி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 160 நானோகிராம். நகரத்து அளவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் பருவமழைக்கு முந்திய மாதங்களின் பிற்பகல்களில், பள்ளத்தாக்குக் காற்று கீழிருந்து ஏறி வரும்போது, அந்த எண் பன்மடங்காகப் பெருகுகிறது. இரவில் காற்று திரும்பியதும் தணிகிறது. பருவமழை தொடங்கினால் கழுவப்படுகிறது. பனி உருகத் தொடங்கும் அதே பருவத்தில்தான் கரியும் ஏறி வருகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். வெண்பனியின்மேல் படியும் கரி, வெயிலைத் திருப்பியனுப்ப விடாமல் உள்வாங்கி, பனியை விரைந்து உருகச் செய்கிறது. சமவெளியின் அடுப்பிலும், செங்கற்சூளையிலும், டீசல் வண்டியிலும் எரிந்தது, கோடிக்கணக்கானவர்களின் நதிகளுக்கு ஊற்றான பனிப்பாறைகள்மேல் போய்ப் படிகிறது.

செயற்கைக்கோள்கள் உலகம் முழுவதையும் நாள்தோறும் பார்க்கின்ற இக்காலத்தில் மலை நிலையம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. செயற்கைக்கோள் மேலிருந்து கீழ்வரை உள்ள மூட்டம் முழுவதையும் ஒரே தொகையாகப் பார்க்கிறது. எந்த உயரத்தில் எவ்வளவு என்று பெரும்பாலும் பிரித்துச் சொல்வதில்லை. பளபளக்கும் பனிப்பரப்பின் மேலோ, அதன் பார்வை மிகவும் தடுமாறுகிறது. அது சொல்வதைச் சரிபார்க்க உலகெங்கும் தரையில் நிறுத்தியுள்ள சூரிய ஒளிமானிகளே உதவுகின்றன. அந்த ஒளிமானிகளுக்குத் தலைமையான கருவிகளோ மௌனா லோவாவுக்கும் இசான்யாவுக்கும் கொண்டு போகப்பட்டுத் திட்டம் செய்யப்படுகின்றன. வாயுமண்டலத்துக்கு வெளியே சூரிய ஒளியின் வலிமை என்ன என்பதைத் தரையிலிருந்தே கணிக்க, 1881-இல் விட்னி மலைக்குப் பயணம் போன லாங்லியின் பெயரால் வழங்கும் முறை, காலை முழுதும் ஆகாயம் மாறாதிருந்தால்தான் செல்லும்; அத்தகைய காலைப்பொழுதுகள் உயர்ந்த, தனித்த மலைகளிலேயே கிடைக்கின்றன. விண்ணில் பறக்கும் கருவியின் நம்பகம், இவ்வாறு, ஒரு மலைச்சரிவின் விடியற்காலையைச் சார்ந்து நிற்கிறது.

இவ்வளவு முக்கியமான நிலையங்கள் எளிதில் முறியக்கூடியவை. 2022 நவம்பர் இறுதியில் மௌனா லோவா மீண்டும் குமுறியபோது எரிமலைக் குழம்பு நிலையத்துக்குப் போகும் சாலையையும் மின்கம்பிகளையும் அறுத்துவிட்டது, அளவீடுகள் நின்றன. கரியமில வாயுவின் அளவீட்டை அண்டையிலுள்ள மௌனா கேயா மலையிலிருந்து தற்காலிகமாகத் தொடர ஏற்பாடு செய்தார்கள். சில மாதங்களுக்குப் பின் சூரிய மின்சாரத்தைக் கொண்டு நிலையத்தை ஓரளவு உயிர்ப்பித்தார்கள். எரிமலை செய்த சேதத்தைத் திருத்த மனிதர் முனைகிறார்கள். பணமுடையால் மூடிய பென் நெவிஸோ ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மூடியே கிடக்கிறது. அந்த நூற்றாண்டில் பிரிட்டனின் உயர்காற்று அடைந்த மாறுதலை அந்த உச்சியில் நின்று சொல்ல இன்று எந்த ஏடும் இல்லை; விடுபட்ட ஆண்டை எந்தச் செல்வத்தாலும் திரும்ப அளக்க முடியாது.

இந்தியாவில் நைனிடாலின் மனோரா சிகரத்திலும், 4,500 மீட்டர் உயரத்தில் லடாக்கின் ஹான்லேயிலும் தூளி அளவீடுகள் நடந்து வருகின்றன. ஹான்லே நிலையத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம், நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் வழிவந்தது. தெளிந்த வானத்தை நாடி 1899-இல் பழனி மலையில் நிறுவப்பட்ட அந்த ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனின் படங்களை நாள்தோறும் எடுத்துச் சேர்த்து, ஒரு நூற்றாண்டைக் கடந்த பதிவை உலகுக்கு அளித்திருக்கிறார்கள். ஆட்சிகள் மாறியும், போர்கள் வந்தும், கருவிகள் பழசாகியும் ஒரு மலைமேல் ஒரே காரியத்தைத் தலைமுறை தலைமுறையாகச் செய்ய நம்மவர்களால் முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. சூரியனுக்குச் செய்ததை அதற்கும் நமக்கும் இடையே உள்ள காற்றுக்கும் செய்ய வேண்டும்: மூன்றாண்டுத் திட்டம், ஐந்தாண்டுத் திட்டம் என்று துண்டு துண்டாகப் பணம் ஒதுக்கும் வழக்கத்தை விட்டு, இமயத்திலும் மேற்கு மலைத் தொடரிலும் ஒரு சில நிலையங்களையேனும் நூறு ஆண்டுகளுக்கு நடத்துவதென்று அரசு இப்போதே உறுதி செய்து, அதற்கான நிதியை நிரந்தரமாக ஒதுக்கி வைக்க வேண்டும்.